ஜட்ஜையா போட்ட உப்பு

அவரை ஜட்ஜையா என்றால்தான் சனங்களுக்குத் தெரியும். கோர்ட்டுப் படி ஏறியவர் இல்லை. சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துப் போட்டோவுக்கு நின்றதோடு சரி. பதினொரு வருஷம், வாரத்தில் ஐந்து நாள், டிவி தொடரில் நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர். காய்கறிக் கடையில் எடை குறைந்தால்கூட, "ஜட்ஜையா, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க" என்று அவரைப் பிடித்து நிறுத்துவார்கள். மனுஷர் சொல்லியும் இருக்கிறார், அதையும் ஒளிக்க வேண்டாம்.

ஐம்பது வயது ஆனபோது அவருக்கே அது அலுத்துப் போயிற்று. பொய்த் தீர்ப்பு சொன்னது போதும், உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று பொதுக் கொள்கைப் படிப்பில் சேர்ந்தார். மகன் வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வருஷம் படித்துத் தேறினார். அதில் விளையாட்டில்லை, நிஜமாகவே ராப்பகலாகப் படித்தார். அப்புறம்தான் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளைத் திருத்தும் ஏழு பேர் குழுவில் அவரைப் போட்டார்கள்.

"படிப்புக்காகப் போட்டாங்களா, மூஞ்சிக்காகப் போட்டாங்களா?" என்று அவர் மனைவி கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சுற்றி வளைத்துப் பேச வராது.

"படிப்புக்காகத்தான்."

"அப்ப சரி. வாயை மட்டும் கட்டி வைங்க. பழைய பழக்கம் லேசுல போகாது."

பழைய பழக்கம் எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் கிடக்கிறது. தொடருக்கு வசனம் எழுதியவர் ஓர் அவசரக்காரர். காலையில் காகிதம் வரும்; விஷயம் இருக்கும், உயிர் இருக்காது. ஜட்ஜையா அதை அப்படியே பேசிவிட்டு, கடைசியில் தானாக ஒரு வரி சேர்ப்பார். அந்த ஒரு வரியில் லைட் பிடிக்கிறவர் வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். செட்டில் அதற்கு 'உப்பு' என்று பெயர். "விஷயம் பேப்பர்ல இருக்கு, உப்பு உங்க கையில சார்" என்பார் டைரக்டர். பதினொரு வருஷமாக நாளுக்கு ஒரு சிட்டிகை போட்ட கை அது.

குழுவில் ஒவ்வொருவரும் அடிபட்ட தொழிலாளி ஒருவரை வீட்டுக்குப் போய்ப் பார்த்து, அவர் சொன்னதை முழுக் குழுவின் முன்னால் ஐந்து நிமிஷத்தில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. ஜட்ஜையாவுக்கு வந்தவர் ஒரு மிஷின்காரர். தகடு வெட்டும் மிஷினில் பதினேழு வருஷம் நின்றவர். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. இரண்டு அறை வீடு, ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில், கட்டிலில் அவர். சட்டையின் வலது கையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தார்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க அண்ணே" என்றார் ஜட்ஜையா.

"தரையில எண்ணெய் இருந்துச்சுங்க. கால் வழுக்கிச்சு. பெடல்ல பட்டுச்சு. மிஷின் இறங்கிடுச்சு."

அவ்வளவுதான். மேற்கொண்டு வருமென்று ஜட்ஜையா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். வரவில்லை.

"அந்த நேரத்துல மனசுல என்ன ஓடிச்சு?"

"ஒண்ணும் ஓடலைங்க. வேலை பாக்குறப்ப வேலைதான். பதினேழு வருஷத்துல ஒரு தகடு நான் கோணலா வெட்டினது கிடையாது." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் மனைவி கீழே உட்கார்ந்து மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். மகளுக்கு ஏழு வயது, வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை வரும் முடி. ரிப்பனை வாயில் கவ்வியிருந்த அம்மாக்காரி அதை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "எங்களுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் சார். அந்தப் பெடலைத் தூக்கிட்டு ரெண்டு பட்டன் வைக்கணும். இந்தக் கைக்கு ஒண்ணு, அந்தக் கைக்கு ஒண்ணு. ரெண்டையும் சேத்து அமுக்கினாத்தான் மிஷின் இறங்கணும். அப்ப கை உள்ள மாட்டாதுல்ல? இவரு நின்ன மிஷின்ல இப்ப என் தம்பி நிக்கிறான் சார். வேலை முடிஞ்சு அவன் வந்தா மூஞ்சியைப் பாக்குறதில்ல, கையைத்தான் பாக்குறேன்."

ஜட்ஜையா நோட்டில் 'இரண்டு பட்டன்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். "நான் பாத்துக்கறேன்மா" என்றார்.

"அம்மா, நாம சொன்னதை ஜட்ஜ் மாமா அப்படியே சொல்லுவாரா?" என்று சிட்டு கேட்டாள். "அவரு பொய்யே சொல்ல மாட்டாருல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜட்ஜையாதான் அதிகம் சிரித்தார்.

குழு கூடிய நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. டிவியில் நேரடி ஒளிபரப்பு. இவருக்கு முன்னால் பேசியவர் புள்ளிவிவரமாக வாசித்து முன்வரிசையைப் பாதித் தூக்கத்தில் விட்டுப் போயிருந்தார். ஜட்ஜையா எழுந்து மிஷின்காரரின் நான்கு வரியைச் சொன்னார். எண்ணெய், கால், பெடல், மிஷின். முன்வரிசையில் ஒருத்தர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார். கொட்டாவியைப் பார்த்த நடிகனுக்கு உள்ளே என்ன ஆகும் என்று நடிகனைக் கட்டிக்கொண்டவளைத்தான் கேட்க வேண்டும். கை தானாக உப்புக்குப் போய்விட்டது.

"அந்த நேரத்துல அவரு நெனப்பு மிஷின்ல இல்லைங்க" என்றார் ஜட்ஜையா, குரலை இறக்கி. "ஏழு வயசுல ஒரு மக. 'அப்பா, இன்னைக்கு நீங்கதான் எனக்குச் சடை போடணும்'னு காலையில கேட்டிருக்கா. நேரமில்லடான்னு கிளம்பி வந்துட்டாரு. அந்தச் சடையையே நெனச்சுக்கிட்டு நின்னவருக்குக் கால் போன இடம் தெரியல. போனது வெறும் கை இல்லைங்க. அந்தப் பிஞ்சுக்குச் சடை போட வேண்டிய கை."

சொல்லிவிட்டுத் தன் வலது உள்ளங்கையை ஒரு தரம் பார்த்தார். பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

மண்டபம் சட்டென்று அடங்கியது. அப்புறம் மூக்கு உறிஞ்சும் சத்தம் அங்கங்கே கேட்டது. குழுவின் தலைவி ஓய்வுபெற்ற இன்ஜினியர், லேசில் அசைகிற அம்மாள் இல்லை. அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு மேல இப்ப பேச முடியாது. சாப்பிட்டு வந்து தொடரலாம்" என்றார். எல்லோரும் எழுந்து சாப்பிடப் போனார்கள். வரிசையில் நிற்கும்போதே பத்துப் பேர் வந்து ஜட்ஜையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கோடு போட்ட இரண்டு பட்டன் நோட்டிலேயே கிடந்தது.

சாப்பிட்டு வந்து உட்கார்ந்தவர்கள், இது மிஷின் சம்பந்தப்பட்டதில்லை, மனசு சம்பந்தப்பட்டது என்றார்கள். தொழிலாளியின் நினைப்பு வீட்டில் இருந்தால் எந்த மிஷின்தான் என்ன செய்யும்? தினமும் வேலைக்கு முன்னால் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார வைத்துக் கவனப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று வரைவில் எழுதினார்கள். ஜட்ஜையாவுக்கு உண்மை தொண்டை வரை வந்தது. இப்போது போய் இல்லை என்று சொன்னால் சொன்னதெல்லாம் என்ன ஆவது? வாயை மூடிக்கொண்டார். மனைவி கட்டி வைக்கச் சொன்ன வாய், கட்ட வேண்டிய நேரத்தில் திறந்து, திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டது.

வீட்டில் அவள் ஒன்றுதான் கேட்டாள். "அந்த ஆளு நிஜமாவே அப்படிச் சொன்னாரா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா? என் கிளாஸ்ல ஒரு பையன் இப்படிச் சொன்னா முட்டைதான் போடுவேன்."

ஒன்பது நாள் கழித்து மிஷின்காரரின் மனைவி குழுவின் அலுவலகத்துக்கு வந்தாள். அவளைக் கண்டதும் நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தார் பாருங்கள், பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பே கூசும். "வாங்கம்மா, உக்காருங்க" என்று நாற்காலியை வேறு இழுத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. "என் வீட்டுக்காரர் என்னைக்கு சார் சடை போட்டாரு?"

ஜட்ஜையா இழுத்துப் போட்ட நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"அவருக்குப் பின்னவே தெரியாது. நான்தானே பின்னிக்கிட்டிருந்தேன், நீங்க எதுத்தாப்பல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? புள்ள அன்னைக்கு அவர்கிட்ட ஒண்ணுமே கேக்கல சார். அவரு கிளம்பறப்ப அது தூங்கிக்கிட்டிருந்துச்சு."

"அம்மா, அது வந்து..."

"கம்பெனியில நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. மிஷின்ல கோளாறு இல்ல, அந்த ஆளு வேலையில கவனமில்லாம நின்னாரு, குழுவே சொல்லிடுச்சுன்னு. பதினேழு வருஷம் சார்! இப்ப மனுஷன் தெருவுல இறங்கவே மாட்டேங்கறாரு. விதி வர்றதுக்கு முன்னாடியே பயிற்சியை ஆரம்பிச்சுட்டாங்க. என் தம்பி காலையில பத்து நிமிஷம் கண்ணை மூடி உக்காந்துட்டு, எழுந்திரிச்சுப் போய் அதே பெடல் முன்னாடி நிக்கிறான்." அவள் மூச்சு வாங்கினாள். "இதெல்லாம்கூடப் பொறுத்துக்குவேன். வெளிய வாங்க. வந்து பாருங்க."

வராந்தா பெஞ்சில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் காது வரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. வெயில் காலத்தில் எதற்கு இந்தத் தொப்பி என்று அவர் நினைப்பதற்குள் அம்மாக்காரி அதைக் கழற்றினாள். ஒரு பக்கம் ஒட்ட வெட்டியிருந்தது, மறுபக்கம் விரல் நீளத்துக்குத் தொங்கியது. காதுக்குப் பின்னால் கத்தரிக்கோல் பட்டுக் கீறிய இடம் காய்ந்து கறுத்திருந்தது.

"தானே வெட்டிக்கிச்சு சார். நான் துணி தைக்கிற கத்தரியை எடுத்து. ஏண்டின்னு கேட்டா, 'என் சடையாலதானே அப்பா கை போச்சு'ங்குது."

ஐயோ, அந்த இடத்தில் பூமி பிளந்தால் அவர் சந்தோஷமாக உள்ளே போயிருப்பார். வராந்தாவில் போகிற வருகிறவர்கள், "வணக்கம் ஜட்ஜையா" என்று கும்பிட்டுக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கும்பிடும் அவர் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சிட்டு, நான் டிவில சொன்னது பொய்ம்மா. உங்கப்பா சடையை நெனைக்கவே இல்ல. தரையில எண்ணெய் இருந்துச்சு, கால் வழுக்கிடுச்சு. அவ்வளவுதான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பதான் பொய் சொல்றீங்க. அம்மா சொல்லச் சொல்லியிருப்பாங்க. டிவில சொன்னதுதான் நிஜம். எல்லாரும் அழுதாங்களே."

இதற்கு என்ன சொல்வது? சொல்ல ஒன்று இருந்தது என்பதுதான் கொடுமை. ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் வரவைக்கத் தெரிந்த ஆள் அவர். மண்டியிட்டு, அந்தப் பிஞ்சுக் கையைப் பிடித்து, குரலைக் கொஞ்சம் உடைத்து ஒரு வரி சொன்னால் போதும், சிட்டு நம்பிவிடுவாள். வரிகூட நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இடது கண்ணும் தயாராகிவிட்டது.

"வேண்டாம் சார்" என்றாள் மிஷின்காரரின் மனைவி. அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். "அந்தத் தண்ணியை உள்ளயே வைங்க. எங்க சொன்னீங்களோ அங்கயே போய்ச் சொல்லுங்க. இவ மட்டும் கேட்டாப் போதாது."

அவர் தலையாட்டினார். அவள் தொப்பியை மறுபடி மாட்டி, பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலம் அவர் மேஜை முன் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினார். மனைவி சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 'கனத்த இதயத்தோடு' என்று இருந்ததை அடித்தாள். 'என் மனசாட்சி' என்று இருந்ததை அடித்தாள். 'ஒரு தகப்பனாக' என்று இருந்ததைப் பார்த்து, "சீ" என்று சொல்லிவிட்டு அடித்தாள். கடைசியில் ஆறு வரி மிஞ்சியது.

"இவ்வளவுதானா?" என்றார்.

"நடந்தது இவ்வளவுதானே?"

மறு வாரம் குழு கூடியது. அதே மண்டபம், அதே கேமரா. ஜட்ஜையா எழுந்ததுமே முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு அம்மாள் கைக்குட்டையைக்கூட எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். மிஷின்காரரின் நான்கு வரி. ஐந்தாவது வரி: சடை பற்றி நான் சொன்னது என் கற்பனை, அவர் முழுக் கவனத்தோடுதான் வேலை செய்தார். ஆறாவது: அவர்கள் கேட்டது பெடலுக்குப் பதில் இரண்டு பட்டன், அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. தலைவிக்குத்தான் முதலில் புரிந்தது. "இருங்க. அந்தப் பொண்ணு சடை போடச் சொல்லிக் கேட்டுச்சா, இல்லையா?"

"கேக்கலைங்க. நான் சேத்தது."

"அவரு வீட்டு நெனப்புல நின்னாருன்னீங்களே?"

"நான் சேத்ததுங்க."

"நீங்க சொன்னதை நம்பித்தானே நாங்க விதி எழுதினோம்? இது என்ன, ஷூட்டிங்னு நெனச்சீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப ஏன் சேத்தீங்க? சத்தமா சொல்லுங்க, பதிவாகணும்."

சத்தமாகச் சொல்ல வரவில்லை. பதினொரு வருஷம் கணீரென்று தீர்ப்புச் சொன்ன குரல் கம்மிப் போய்க் கீச்சென்று வந்தது. மூக்கு ஒழுகியது. கைக்குட்டை எடுக்கத் தோன்றாமல் புறங்கையால் துடைத்தார். அது கன்னத்தில் இழுவிக்கொண்டது. வாய் ஒரு பக்கம் கோணியது. பின்னால் யாரோ, "சீரியல் ரெண்டாம் பாகம்டோய்" என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். கேமரா இதையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. மடியில் கைக்குட்டை வைத்திருந்த அம்மாள் அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தலைவி நேரடியாகவே சொல்லிவிட்டார். இனி அவர் குழுவில் வேண்டாம், இன்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து, "அந்த ரெண்டு பட்டன் விஷயத்தை மறுபடி சொல்லுங்க" என்றார். ஜட்ஜையா சொன்னார். இன்ஜினியர் அம்மாள் காகிதத்தில் ஒரு படம் போட்டுப் பார்த்தார். "சரியான யோசனை. பதினைஞ்சு நாள் வீணாப் போச்சு" என்றார். கவனப் பயிற்சியை அடித்துவிட்டு அந்த இடத்தில் பட்டனை எழுதச் சொன்னார். அதை எழுதி முடிக்கும்போது ஜட்ஜையா வெளியே படியில் இறங்கிக்கொண்டிருந்தார். வாசலில் காவல்காரர், வழக்கமாகச் சல்யூட் அடிக்கிறவர், போனைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டார்.

வீட்டில் நாலு நாள் அவர் வெளியே போகவில்லை. காய்கறிக்கு மனைவிதான் போனாள். ஐந்தாம் நாள் மத்தியானம் போன் வந்தது. மிஷின்காரரின் மனைவி.

"நோட்டீஸைக் கிழிச்சுட்டாங்க சார். பட்டன் வர இன்னும் மாசக்கணக்காகுமாம். அதுவரைக்கும் பெடலுக்கு இரும்பு மூடி போட்டிருக்காங்க, தம்பி சொன்னான். இவரு நேத்து கடை வரைக்கும் போய்ட்டு வந்தாரு." அவள் குரலில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை, தகவல் சொன்னாள், அவ்வளவுதான். "சிட்டு இன்னைக்குத்தான் தலையைக் குடுத்தா. சமமா வெட்டி விட்டேன்."

"நம்பிட்டாளாம்மா?"

"டிவில உங்க மூஞ்சியைப் பாத்துட்டு நம்பினா. 'ஜட்ஜ் மாமாவுக்கு மூக்கு ஒழுகுதும்மா, இது நிஜம்'னா. இருங்க, ஏதோ கேக்கணுங்குது."

போன் கை மாறியது.

"ஜட்ஜ் மாமா, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

குழு கேட்டபோது கீச்சென்று என்னவோ முனகிச் சமாளித்தாயிற்று. இவளிடம் அது நடக்காது. யோசித்தார். இருந்த ஒரே பதிலைச் சொன்னார்.

"எல்லாரும் அழணும்னு சொன்னேன்மா."

"அழுதாங்களா?"

"அழுதாங்க."

"அழுதுட்டு?"

ஜட்ஜையா கண்ணை மூடிக்கொண்டார்.

"சாப்பிடப் போனாங்கம்மா" என்றார்.